சைலன்சரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா? புதுக் கார் எடுத்தவர்களுக்கு ஒரு விளக்கம்

புதிதாக டர்போ பெட்ரோல் கார் எடுத்த பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் ஒரே ஆசை வருகிறது. வண்டி நன்றாக இழுக்கிறது, ஆனால் சத்தம் சப்பென்று இருக்கிறது, ஒரு நல்ல எக்ஸாஸ்ட் போட்டால் என்ன? கேட்ட உடனே இரண்டு பதில்கள் வரும். சைலன்சரில் கை வைத்தால் மொத்த வாரண்டியும் காலி என்பார் ஒருவர். அதெல்லாம் சும்மா மிரட்டல், சட்டப்படி அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, தைரியமாகப் போடு என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் தவறு. முதல் பதிலை நம்பியவர் தேவையில்லாமல் பயப்படுகிறார், இரண்டாவதை நம்பியவர் லட்ச ரூபாய் கியர்பாக்ஸ் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

உண்மையான பதில், அந்தக் குழாயில் எந்த இடத்தைத் தொடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. பின்பக்கம் பம்பருக்குக் கீழே தொட்டால் ஒரு கணக்கு, இன்ஜினை ஒட்டித் தொட்டால் முற்றிலும் வேறு கணக்கு. அது ஏன் என்று புரிந்துவிட்டால் யாரிடமும் கேட்காமல் நீங்களே முடிவெடுக்கலாம். நான் இங்கே எழுதுவது இந்தியாவில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதிப்படி விற்கும் கார்களைப் பற்றி. பைக் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## வாரண்டி எதற்குப் பொறுப்பு?

வீட்டு மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு வாரண்டி இருக்கிறது. ஜார் மூடி உடைந்துவிட்டது, கடைத்தெருவில் வேறு மூடி வாங்கிப் போட்டீர்கள். ஆறு மாதம் கழித்து மோட்டார் எரிந்தால் கம்பெனி மூடியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது, மூடிக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை. இதுவே வேறு கம்பெனி ஜாரை வாங்கி, அடியில் புஷ் இறுகி, கப்ளர் சரியாக உட்காராமல் அதிலேயே தினமும் மாவு அரைத்து வந்தீர்கள் என்றால், சர்வீஸ் ஆள் ஜாரைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது டைட்டா இருக்கு சார், லோடு தாங்காம மோட்டார் போயிருக்கு" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மோட்டாரையே திறந்து வெளியாளிடம் காயில் கட்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கார் வாரண்டியும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. வாரண்டி என்பது, தயாரிப்பிலோ உதிரிபாகத்திலோ இருந்த குறையால் வரும் பழுதைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்து தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதி. இன்றைக்குப் பல கம்பெனிகள் 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை தருகின்றன. மாருதி சுசுகியும் 2024 ஜூலையில் பழைய 2 வருடம், 40,000 கிலோமீட்டரிலிருந்து இந்த அளவுக்கு வந்தது. என்ன ஆனாலும் காசு தரும் இன்சூரன்ஸ் மாதிரி இதை நினைத்துக்கொள்ளக் கூடாது. உங்களாலோ மூன்றாம் ஆளாலோ வந்த பழுதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று அதே புத்தகத்தில் எழுதியிருக்கும்.

அதனால் ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு கேள்வி வருகிறது. எந்தப் பாகம் போனது? ஏன் போனது? நீங்கள் மாற்றிய பொருள் அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதிலாக வர முடியுமா என்பதில்தான் சண்டையே.

"வாரண்டி போச்சு" என்று எல்லாரும் சொல்வதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு குறிப்பிட்ட பழுதுக்கு மட்டும் இலவசமாகச் செய்ய மறுப்பது ஒன்று. காரின் வாரண்டியையே மொத்தமாக ரத்து செய்வது இன்னொன்று. அதிகம் நடப்பது முதலாவது. ஆனால் உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் இரண்டாவதற்கும் இடம் வைத்திருக்கலாம். டேஷ்போர்டு டிராயரில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்து, 'மாற்றியமைத்தல்' பற்றிய வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். "மாற்றிய பாகமும் அதனால் வந்த சேதமும் வாரண்டியில் வராது" என்று இருக்கிறதா, "வண்டியை மாற்றியமைத்தால் வாரண்டி செல்லாது" என்று இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

## இன்ஜினிலிருந்து பம்பர் வரை

சைலன்சர் என்று நாம் மொத்தமாகச் சொல்வது உண்மையில் பல உறுப்புகள் கோத்த ஒரு வரிசை. முன்னாலிருந்து பின்னால் போவோம்.

சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றாகச் சேர்ப்பது மேனிஃபோல்டு. டர்போ கார் என்றால் அடுத்ததாக டர்போ இருக்கும், புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். டர்போவிலிருந்து கீழே இறங்கும் முதல் குழாய்க்கு டவுன்பைப் என்று பெயர். அங்கேயே, இன்ஜினை ஒட்டினாற்போல, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும். தேன்கூடு மாதிரி துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அது தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும். வேலை செய்ய அதற்கு ஏறக்குறைய 250, 300 டிகிரி சூடு வேண்டும், சீக்கிரம் சூடாகட்டும் என்றுதான் இன்ஜினுக்கு இவ்வளவு பக்கத்தில் வைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வண்டியின் அடிப்பக்கம் நெடுக ஓடும் குழாய். நடுவில் ரெசனேட்டர் என்ற சின்ன டப்பா, காதுக்கு எரிச்சலூட்டும் சில அலைவரிசைகளை மட்டும் அடக்குவது அதன் வேலை. கடைசியில் பம்பருக்குக் கீழே பெரிய டப்பா, அதுதான் மஃப்ளர், மொத்தச் சத்தத்தையும் குறைப்பது. அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது டிப்.

இதில் கவனிக்க வேண்டியது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்ரோல் கார் குழாய்க்குப் பெரும்பாலும் சத்தத்தோடு மட்டும்தான் உறவு. முன்னால் இருப்பதற்கு இன்ஜினின் மூளையோடு உறவு.

## குழாய் மூளையோடு பேசுவது எப்படி?

இந்த இடம்தான் கட்டுரையின் உயிர், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் கம்ப்யூட்டருக்கு இசியு என்று பெயர். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும் (எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது கொஞ்சம் குறையும்). அந்த விகிதம் சரியாக இருக்கிறதா என்று இசியுவுக்கு எப்படித் தெரியும்? எரிந்து வரும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து. அதைப் பார்க்கும் கருவிதான் ஆக்சிஜன் சென்சார். பெட்ரோல் கார்களில் பொதுவாக இரண்டு இருக்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

முன் சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் பெட்ரோல் அளவை இசியு நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்கிறது. பின் சென்சாரின் முக்கிய வேலை காவல் வேலை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தனக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது விடும். அதனால் முன்னால் புகையின் தன்மை எவ்வளவு ஏறி இறங்கினாலும் பின்னால் அளவு அசையாமல் இருக்க வேண்டும். பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்துவிட்டது, அல்லது அங்கே அது இல்லவே இல்லை என்று இசியு முடிவுகட்டி மஞ்சள் இன்ஜின் விளக்கை எரியவிடும். ஸ்கேனரை மாட்டினால் பி0420 என்ற எண் வரும், இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடமான எண் அது.

இப்போது ஒரு சின்ன வேலைப் பிழை என்ன செய்கிறது என்று பாருங்கள். மேனிஃபோல்டையோ டவுன்பைப்பையோ கழற்றி மாட்டிய ஒருவர் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டில் பழையதையே திரும்பப் போட்டுவிட்டார், இரண்டு குழாய் சேரும் பிளேட்டுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி. புகைதான் வெளியே வரும், வேறென்ன என்று நினைப்போம். புகை ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் கணங்கள் உண்டு. அப்போது அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். முன் சென்சாருக்கு அந்தக் காற்றின் ஆக்சிஜன் தெரிகிறது. 'பெட்ரோல் பற்றவில்லை, காற்று அதிகம்' என்று அது இசியுவுக்குச் சொல்கிறது. இசியு நம்பிக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது. உண்மையில் விகிதம் முன்னாலேயே சரியாகத்தான் இருந்தது. இப்போது மைலேஜ் விழுகிறது, ஸ்பார்க் பிளக் கறுக்கிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சூடேற்றிப் பாழாக்குகிறது. ஒரு கேஸ்கட்டில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். இந்த மூன்றில் எது பழுதானாலும் 'ஏன்' என்ற கேள்விக்கு உங்கள் எக்ஸாஸ்ட் வேலை நியாயமான பதிலாக வந்து நிற்கும்.

பின் மஃப்ளரில் இதே அளவு இடைவெளி இருந்தால்? கொஞ்சம் சத்தம் வரும், கேபினுக்குள் புகை வாசம் வரலாம். அதையும் உடனே சரிசெய்ய வேண்டும், ஆனால் இரண்டு சென்சாரையும் தாண்டி வெகு தூரத்தில் இருப்பதால் இன்ஜினுக்கு அது தெரியவே தெரியாது.

ஆக இதுவரை: பழுதுக்குக் காரணம் என்று எதைச் சொல்ல முடியும் என்பதை வைத்துத்தான் வாரண்டி நகர்கிறது. குழாயில் பின்னாலிருந்து முன்னால் போகப் போக, உங்கள் வேலையைக் காரணமாகக் காட்டக்கூடிய பாகங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

## பின்னாலிருந்து முன்னால், ஒவ்வொரு படியாக

டிப் மட்டும் மாற்றுவது வெறும் அலங்காரம். பம்பர் பிளாஸ்டிக்கில் இடித்து உருக்காத வரை அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அடுத்தது ஆக்சில்-பேக், அதாவது பின் ஆக்சிலுக்குப் பிறகு வரும் மஃப்ளரை மட்டும் மாற்றுவது. இன்ஜின், டர்போ, கியர்பாக்ஸ் எதன் பழுதையும் இதன் மேல் போடுவது கஷ்டம். மஃப்ளருக்கான வாரண்டி மட்டும் இயல்பாகவே போகும், நீங்கள்தான் கழற்றி வீட்டில் வைத்துவிட்டீர்களே. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்பதில் கவனம் வேண்டும். போல்ட் போட்டு மாட்டுவது வேறு, கம்பெனிக் குழாயை அறுத்து வெல்டிங் வைப்பது வேறு. அறுத்துவிட்டால் பழையதை அப்படியே திரும்ப மாட்ட வழியில்லை. வெல்டிங் வைப்பதென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள், அதன் மின்சாரம் வண்டியின் எலக்ட்ரானிக்ஸுக்குள் புகுந்து ஏதாவது எரிந்தால் அந்தப் பழுதுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

கேட்-பேக் என்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றுவது. தர்க்கப்படி பார்த்தால் இதுவும் இன்ஜினைத் தொடவில்லை. ஆனால் நடைமுறையில் சந்தேகம் கிளப்ப இடம் அதிகம், ஏனென்றால் லிஃப்டில் தூக்கினால் முழுக் குழாயும் புதிதாகப் பளபளக்கும்.

இந்த இரண்டு படியிலும் பவர் ஏறும் என்று விற்பார்கள். 1.2 லிட்டர், டர்போ இல்லாத, 80, 90 குதிரைத்திறன் காரில் மஃப்ளரை மாற்றினால் ஓரிரு குதிரைத்திறன் கூடினாலே அதிகம், ஓட்டும்போது தெரியாது. அந்த இன்ஜின் விடும் புகையின் அளவுக்குக் கம்பெனிக் குழாய் ஏற்கெனவே போதும். நீங்கள் காசு கொடுப்பது சத்தத்துக்கு. சத்தம் பிடித்திருந்தால் அது ஒரு நல்ல காரணம்தான், அதை அப்படியே ஒப்புக்கொண்டு வாங்குங்கள். வாங்குவதற்கு முன் அதே எக்ஸாஸ்ட் போட்ட காரில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ரெசனேட்டரை எடுத்துவிட்ட குழாய்கள் 2,000, 2,500 சுற்றில், நாம் சீராக ஓட்டும் அதே வேகத்தில், கேபினுக்குள் ஒரே மாதிரி 'ம்ம்ம்' என்று இரையும். சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும்.

அப்புறம் டவுன்பைப்பையோ மேனிஃபோல்டையோ மாற்றுவது (மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடுவதை ஹெடர் என்பார்கள்), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுப்பது. இங்கே எல்லாமே மாறுகிறது. கன்வெர்ட்டரை எடுத்தால் பி0420 வரும். அதை மறைக்க, பின் சென்சாரைப் புகை ஓட்டத்திலிருந்து தள்ளி வைக்கும் ஒரு குட்டிக் குழாயைச் சில கடைகளில் மாட்டுவார்கள், அல்லது இசியுவில் அந்தச் சோதனையையே அணைத்துவிடுவார்கள். மிக்ஸி மோட்டாரைத் திறந்த நிலைக்கு இப்போது வந்துவிட்டீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றி, கழற்றியது தெரியாமல் மறைத்தும் வைத்த காருக்குக் கம்பெனி வாரண்டி தர மறுத்தால் அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஊர்க் காற்றில் போகிற கார்பன் மோனாக்சைடு தனிக் கதை.

டீசலில் இந்தக் கோடு இன்னும் தெளிவு. புகைக் கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடேற்றி எரிக்கும் வடிகட்டிக்கு டிபிஎஃப் என்று பெயர். அடைத்துக்கொள்கிறது என்று அதை எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. இசியு மென்பொருளை மாற்றாமல் அதை எடுக்க முடியாது, மாற்றினால் வாரண்டியோடு பேச ஒன்றும் மிச்சமில்லை. வாரண்டிக் காலத்தில் டிபிஎஃப் அடைத்தால் சர்வீஸ் சென்டரில் ரீஜெனரேஷன், அதாவது அந்தக் கரியைச் சூடேற்றி எரிக்கும் வேலையை, செய்யச் சொல்லுங்கள், பெரும்பாலும் அது போதும்.

## ரீமேப்: எக்ஸாஸ்ட் எப்படிக் கியர்பாக்ஸை இழுக்கிறது

டர்போ காரில் டவுன்பைப்பை அகலமாக்கினால் டர்போவுக்குப் பின்னால் அழுத்தம் குறையும், டர்போ இன்னும் சுலபமாகச் சுற்றும். அதன் முழுப் பலனையும் எடுக்க இசியுவில் பெட்ரோல், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்), ஸ்பார்க் கணக்குகளை மாற்றி எழுதுவார்கள், அதுதான் ரீமேப். இங்கே பவர் நிஜமாகவே ஏறும். எல்லா ஆபத்தும் அதனால்தான்.

ஒரு உதாரணம். இந்தியாவில் விற்கும் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டுஸ், டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் கார்களின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் 150 பிஎஸ் பவரும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தருகிறது. அதோடு வரும் டிகியூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸின் வடிவமைப்பு எல்லையும் 250 நியூட்டன் மீட்டர்தான். அதாவது கம்பெனியே அதை வரம்பின் விளிம்பில் வைத்து ஓட்டுகிறது. ரீமேப் போட்டு டார்க்கை ஏற்றினால் அந்த உலர் கிளட்ச்சுகளுக்கு அவை தாங்கச் செய்யப்படாத சுமை போகிறது. எக்ஸாஸ்ட் போட்டீர்கள், கிளட்ச் போகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் சம்பந்தம்.

மறுபடி பழைய மென்பொருளையே ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. தெரியும். பல இசியுக்களில் மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகிறது. ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் கம்பெனி ஸ்கேனரை இணைத்ததும் மென்பொருள் மாற்றம் தெரியவந்தால் அந்தக் காரின் பதிவில் டிடி1 என்ற குறி விழுந்துவிடும், அதன் பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ் தொடர்பான வாரண்டி கேட்டாலே அந்தக் குறிதான் முதலில் கண்ணில் படும்.

சுருக்கமாகச் சொன்னால், சத்தத்துக்காக மஃப்ளரை மாற்றுவதும் பவருக்காக டவுன்பைப்பும் ரீமேப்பும் போடுவதும் ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு வேறு முடிவுகள்.

## சர்வீஸ் சென்டரில் உள்ளே என்ன நடக்கிறது

வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் அந்தச் செலவை டீலர் முதலில் போட்டுக்கொள்கிறார், பிறகு படங்களும் ஸ்கேன் விவரமும் இணைத்துக் கம்பெனியிடம் கேட்டு வாங்குகிறார். பெரிய தொகை என்றால் முன்கூட்டியே கம்பெனி ஒப்புதல் வேண்டும். கம்பெனி ஏற்காவிட்டால் நஷ்டம் டீலருக்கு. சர்வீஸ் அட்வைசர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, நடுக் குழாயில் சூட்டினால் நீலமும் ஊதாவும் ஏறிய புது வெல்டிங் தடத்தைப் பார்த்ததும் போனை எடுத்துப் படம் பிடிப்பது இதனால்தான். அவருக்கு உங்கள் மேல் கோபமில்லை. 'கம்பெனி ஏற்குமா' என்ற சந்தேகம் வந்தவுடன் முடியாது என்று சொல்வது அவருக்குப் பாதுகாப்பான பதில்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. அட்வைசர் வாயால் சொல்லும் மறுப்பு கம்பெனியின் முடிவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதே மாதிரி, "நாங்களே போட்டுத் தர்றோம் சார், வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஷோரூமில் வாயால் தரும் உறுதியும் கம்பெனியின் உறுதி ஆகாது. கம்பெனி ஆக்சசரி என்றால் அதற்குப் பார்ட் நம்பர் இருக்கும், பில்லில் அந்த எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வைத்திருப்பவர்கள் அதன் விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டும். அது பல நேரங்களில் தனி ஒப்பந்தம், பின்னால் வேறு நிறுவனம் இருக்கலாம், மாற்றங்களைப் பற்றிய வரி இன்னும் கறாராக இருக்கலாம்.

## 'சட்டம் நம் பக்கம்' என்பது எவ்வளவு தூரம் உண்மை?

இந்த வாதம் பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களிலிருந்து வருகிறது. அங்கே 1975-இல் வந்த மேக்னுசன்-மாஸ் சட்டம், எங்கள் பிராண்டு பாகத்தைத்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைப்பதைத் தடுக்கிறது. ஆனால் வெளிப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்றால் கம்பெனி மறுக்கலாம் என்பதும் அங்கே உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. எப்படியும் அது அமெரிக்கச் சட்டம், இங்கே செல்லாது.

இங்கே அதற்குக் கிட்டத்தில் வருவது 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகப் போட்ட உத்தரவு. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்தது தொடர்பான வழக்கு, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம், பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. அதில் ஒரு வரி நமக்கு முக்கியம். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றது ஆணையம். அது ரிப்பேரைப் பற்றியது, மாற்றியமைப்பதைப் பற்றியது இல்லை. அதனால் உங்கள் டவுன்பைப்புக்கு அது கவசமாகாது. ஆனால் மஃப்ளரை மாற்றியதற்காக ஏசி கம்ப்ரஸருக்கு வாரண்டி மறுத்தால், சேதத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பு காட்டுங்கள் என்று கேட்க நல்ல அடிப்படை.

## வாரண்டி தப்பினாலும் தப்பாதவை

வாரண்டியையே பேசிக்கொண்டிருப்பதில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. புதுக் கார்களுக்கான வகைச் சோதனையில் 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, கடந்து போகும் சத்தம் 74 டெசிபலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கடையில் வாங்கும், புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ குழாய் உங்கள் காரில் அந்தச் சோதனைக்குப் போனதே இல்லை. ஐரோப்பியச் சான்று இருக்கிறது என்று காட்டும் விலையுயர்ந்த பிராண்டுகளுக்கும் அந்தச் சான்று அங்கேதான் செல்லும்.

பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிவிட்டேனே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சோதனை நிற்கும் வண்டியின் புகையை மட்டும் பார்க்கிறது, சத்தத்தைப் பார்ப்பதில்லை, குழாயை மாற்றினீர்களா என்றும் பார்ப்பதில்லை. இன்சூரன்ஸிலும் மாற்றங்களைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு. சொல்லாமல் விட்டு, அடியில் தீப்பிடித்தால் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

## நான் என்ன சொல்வேன்?

வாரண்டி முடியும் வரை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின் பக்கமே இருங்கள், முன்னால் போகாதீர்கள். இன்றைய டர்போ, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், சென்சார் எல்லாம் விலையுயர்ந்த சாமான்கள், அவற்றுக்குக் கம்பெனி பொறுப்பேற்கும் மூன்று வருடத்தை ஒரு உறுமலுக்காக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சத்தம்தான் வேண்டும் என்றால் கார் வாங்கும்போதே அதைப் பாருங்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன் மாதிரி, கம்பெனியே எக்ஸாஸ்ட் சத்தத்தைச் செதுக்கி, சோதித்து, வாரண்டியோடு தரும் வகைகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறது அது.

மஃப்ளர் மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் போல்ட்டில் மாட்டுவதாக, கம்பெனி அளவுக்குப் பக்கத்திலேயே சத்தம் இருப்பதாகத் தேடுங்கள். கழற்றிய மஃப்ளரைத் துருப்பிடிக்காமல் எடுத்து வையுங்கள், பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்ட தேதி, கிலோமீட்டர், என்ன வேலை என்பது எழுதிய பில் வாங்குங்கள். மஃப்ளரைத் தவிர வேறு எந்தப் பாகத்தையும் தொடவில்லை என்று பிறகு காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அது. பழுது வந்தபின் அவசரமாகப் பழையதை மாட்டிக்கொண்டு போய் ஒன்றுமே மாற்றவில்லை என்று சொல்லாதீர்கள். போல்ட் தலையில் புதிய ஸ்பேனர் தடம் இருக்கும், பொய் வெளிவந்தால் உங்கள் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து விழும்.

## மறுத்துவிட்டால்

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எந்தப் பாகம் பழுது, எந்த மாற்றத்தால் அது வந்தது என்று சொல்கிறீர்கள், வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்ற மூன்றையும் ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் சில மறுப்புகள் தானாகவே கரைந்துவிடும், ஏனென்றால் மஃப்ளருக்கும் பவர் விண்டோ மோட்டாருக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரும் கையெழுத்துப் போட விரும்ப மாட்டார்கள். அடுத்து அதே கடிதத்தோடு கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், 50 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள காருக்கு அங்கேயே போகலாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

பழுதுக்குக் காரணம் எது என்பதைத் தீர்க்க ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப முடியும். அதனால் உங்கள் செலவில் பாகத்தை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டாலும், கழற்றிய பழைய டர்போவையோ கிளட்ச்சையோ அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். பாக எண் தெரியும்படி அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.